விண்வெளிப் படத்தில் ஒரு புர்னுஸ்

இஹ்ராம் கட்டியவர் எதை அணியலாம் என்று ஒருவர் வினவியபோது, அணியக் கூடாதவற்றை நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறினார்கள். சட்டை, தலைப்பாகை, கால்சட்டை, தோலுறை ஆகியவற்றோடு ‘புர்னுஸ்’ என்பதும் அவற்றுள் ஒன்று. ஸஹீஹுல் புகாரியில் ஆடை பற்றிய பகுதியில் புர்னுஸுக்கெனத் தனிப் பாடமே உண்டு. அனஸ் (ரலி) அவர்கள் மஞ்சள் நிறப் புர்னுஸ் அணிந்திருந்த செய்தி அங்கே பதிவாகியுள்ளது. தலையை மூடும் முக்காடு மேலங்கியோடு சேர்ந்தே இருப்பதுதான் இவ்வாடையின் அடையாளம்.

இந்த ஆடை வேரூன்றிய மண் மக்ரிப், அதாவது வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி. 1332இல் துனிஸில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், பெர்பர் மக்களின் ஆடையாகப் புர்னுஸைக் குறிப்பிடுகிறார். வீட்டுத் தறிகளில் பெண்கள் நெய்த கம்பளித் துணியால் ஆனது அது. பகல் வெயில், மணற்காற்று, இரவுக் குளிர் மூன்றையும் ஒரே ஆடை தாங்க வேண்டிய நிலம் அல்லவா! துனீசியாவின் குளிர்காலத்தில் ஆண்கள் அணியும் பழுப்பு நிறக் ‘கஷ்ஷாபியா’வும் முக்காடுள்ள கம்பளி அங்கியே.

1976இல் ஜார்ஜ் லூகாஸின் படக்குழு ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திற்காக அந்நாட்டிற்கு வந்தது. ஜெர்பா தீவிலும், மத்மாத்தாவில் நிலத்தைக் குடைந்து கட்டிய வீடுகளிலும் படப்பிடிப்பு நடந்தது. தெற்கிலுள்ள ததாவீன் என்ற ஊரின் பெயர் சற்றே உருமாறி ஒரு கோளின் பெயராயிற்று. 1977இல் படம் வெளிவந்தபோது, அலெக் கின்னஸ் நடித்த முதிய ஞானி அகன்ற கைகளும் முக்காடும் உடைய பழுப்பு அங்கியில் தோன்றினார். உள்ளே அணிந்திருந்தது ஜப்பானியக் கிமோனோவைப் போல் குறுக்கே மடித்துக் கட்டும் உடை. ஆடை வடிவமைப்பாளர் ஜான் மோல்லோ இராணுவச் சீருடைகளின் வரலாற்றில் வல்லுநர்; இப்படத்திற்கு ஆஸ்கர் பெற்றார். (பிற்காலத்தில் ‘காந்தி’ படத்திற்காக நம் நாட்டின் பானு அத்தையாவுடன் அவ்விருதைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே.)

அதே படத்தில் முக்காடிட்ட குள்ள உருவங்கள் பழைய இயந்திரங்களைப் பொறுக்கி விற்கின்றன. முகத்தைத் துணியால் சுற்றிய பாலைவனவாசிகள் வழிப்போக்கரைத் தாக்குகின்றனர். முக்காடு ஞானியின் தலையில் இருந்தால் கண்ணியம், பாலைவாசி முகத்தை மூடினால் அச்சம்! சஹாராவின் துவாரெக் ஆண்கள் முகத்தை மூடுவது மணலிலிருந்து காத்துக்கொள்ளவும், பெரியோர் முன் நாணம் பேணவுமே என்பதை அப்படம் பார்த்து வளரும் குழந்தை எங்கிருந்து அறியும்?

ஹதீஸ் வகுப்பில் புர்னுஸ் என்ற சொல்லை ஒருமுறை விளக்கியபோது, “உஸ்தாத், ஜெடாய் போடுவதுதானே?” என்று ஒரு மாணவன் கேட்டான். பிற மாணவர்கள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. அவனுக்கு ஆடை தெரிந்திருந்தது; அதை நெய்தவர்களைத்தான் தெரியவில்லை.

பிறர் ஆடையை எடுத்தாள்வதே தவறு என்று சிலர் சினங்கொள்வதை நான் ஏற்பதற்கில்லை. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அணிந்திருந்தது ஷாம் நாட்டு ஜுப்பா. அதன் கைகள் இறுக்கமாக இருந்ததால் உளூச் செய்யும்போது கைகளை ஜுப்பாவின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்தார்கள் என்று முகீரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஷாம் அன்று ரோமரின் ஆட்சியில் இருந்தது. ஆயினும் அந்த ஜுப்பா ஷாம் நாட்டது என்பதை அறிவிப்பாளர் மறைக்கவில்லை. எந்நாட்டு ஆடை என்பது ஹதீஸோடு சேர்ந்தே நம்மை வந்தடைந்திருக்கிறது. திரைப்படத்தில் நடப்பது வேறு. 1999இல் வந்த பாகத்தில் அரசி அமிதாலாவின் செந்நிற உடையும் கொம்பு போன்ற கூந்தலும் மங்கோலிய உயர்குடிப் பெண்களுடையவை. திரையில் மங்கோலியா என்றொரு நாடே இல்லை.

2021இல் வந்த ‘டியூன்’ ஜோர்டானின் வாதி ரம் பாலைவனத்தில் எடுக்கப்பட்டது. முகத்திரைகளும் மணலுக்கு அஞ்சிப் போர்த்திய துணிகளும் அதில் நிறைந்துள்ளன. அதன் மூலமான 1965ஆம் ஆண்டு நாவலில் ‘மஹ்தி’, ‘ஜிஹாத்’ போன்ற அரபுச் சொற்கள் தாராளமாக வருகின்றன. படத்தில் ‘மஹ்தி’ இருக்கிறது. ‘ஜிஹாத்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘புனிதப் போர்’ என்று ஆங்கிலத்தில் பேசுகிறார்கள்.