சமோசாவின் வரலாறும் வீட்டுச் செய்முறையும்

சமோசா என்பது மைதா மாவில் செய்த உறைக்குள் காரமான பூரணத்தை வைத்து, முக்கோணமாக மூடி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் பலகாரம். ரயில் நிலையம், திரையரங்கு, தேநீர்க்கடை, பள்ளிக்கூட வாசல் என இந்தியாவில் எங்கும் விற்கப்படுகிறது. உருளைக்கிழங்கு மசாலா வைத்ததே அசல் சமோசா என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பழைய நூல்கள் தரும் செய்தி வேறு. சமோசாவின் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் மிகப் பிந்தி வந்து சேர்ந்த பொருட்களுள் ஒன்று உருளைக்கிழங்கு. இன்று வீட்டில் சமோசா செய்யும்போது கையாளும் முறைகளில் பல அந்தக் கிழங்கைவிடப் பழமையானவை.

பெயரும் பரவலும்

சமோசா என்ற சொல்லின் மூலம் பாரசீக மொழியின் 'சன்பூசக்' என்ற சொல். அரபு மொழியில் இது சன்பூசஜ் என்றும் சன்பூசக் என்றும் வழங்கியது. பாக்தாதில் 10-ஆம் நூற்றாண்டிலும் 13-ஆம் நூற்றாண்டிலும் தொகுக்கப்பட்ட அரபுச் சமையல் நூல்களில் இதன் செய்முறைகள் உள்ளன. மத்திய ஆசியாவில் இதன் உறவான 'சம்சா' எண்ணெயில் பொரிக்கப்படாமல் தந்தூர் அடுப்பில் சுடப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சம்பூசா என்றும், வங்காளத்தில் சிங்காடா என்றும் பெயர். கோவாவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மொசாம்பிக்குக்கும் லிஸ்பனுக்கும் சென்று அங்கும் நிலைத்துவிட்டது.

தில்லி அவையில்

மொராக்கோ நாட்டுப் பயணி இப்ன் பதூதா 14-ஆம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்து, முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் நீதிபதியாகப் பணியாற்றினார். அரண்மனை விருந்தில் பரிமாறப்பட்ட சமோசாவைத் தம் பயணக் குறிப்பில் விவரித்துள்ளார். கொத்திய இறைச்சியை வாதுமை, பிஸ்தா, வெங்காயம், மசாலாப் பொருட்களுடன் சமைத்து, மெல்லிய ரொட்டிக்குள் வைத்து மடித்து, நெய்யில் பொரித்தது அது. இன்று தெருவோரத்தில் தினசரித் தாளில் மடித்துத் தரப்படும் பலகாரம், அன்று சுல்தானின் விருந்தினருக்கு உரியதாக இருந்தது.

மாண்டுவின் சமையல் நூல்

மால்வா நாட்டின் தலைநகரான மாண்டுவை 1469 முதல் 1500 வரை ஆண்டவர் கியாத் ஷா. உணவில் பெரும் ஈடுபாடு கொண்ட இவருக்காக 'நிமத்நாமா' என்ற ஓவியங்களுடன் கூடிய சமையல் நூல் பாரசீக மொழியில் எழுதத் தொடங்கப்பட்டது. மகன் நசீர் ஷா காலத்தில் அது நிறைவு பெற்றது. அதன் கையெழுத்துப் பிரதி இப்போது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சுல்தானுக்காகச் சமோசா தயாராகும் காட்சி அதில் ஓவியமாகவே தீட்டப்பட்டுள்ளது. சமோசாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட செய்முறைகளையும் இந்நூல் தருகிறது. ஒரே அரண்மனைக்குள்கூட ஒற்றைச் செய்முறை இருக்கவில்லை.

அக்பர் காலத்துப் பட்டியல்

அபுல் ஃபசல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'அயினி அக்பரி', அக்பரின் அரண்மனை அடுக்களைக்குரிய அளவுகளைப் பதிவு செய்கிறது. 'குதாப்' என்ற உணவைக் குறிப்பிட்டு, இந்திய மக்கள் இதைச் சன்பூசா என்பர் என்கிறது. அதற்கான பொருட்கள்: இறைச்சி 10 சேர், நயமான மாவு 4 சேர், நெய் 2 சேர், வெங்காயம் 1 சேர், இஞ்சி கால் சேர், உப்பு அரை சேர், சிறிதளவு மிளகு, கொத்தமல்லி விதை, ஏலக்காய், சீரகம், கிராம்பு, கால் சேர் சுமாக். இதை 20 விதமாகச் சமைக்கலாம் என்ற குறிப்பும் உண்டு.

இப்பட்டியலில் இல்லாதவை கவனிக்கத்தக்கவை. உருளைக்கிழங்கு இல்லை, மிளகாயும் இல்லை. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குச் சுமாக் என்ற மேற்காசியப் புதரின் உலர்ந்த பழத்தூள். இன்று வட இந்தியச் சமோசாவில் புளிப்புக்காக ஆம்சூர் எனப்படும் மாங்காய்த் தூள் சேர்க்கப்படுகிறது. பொருள் மாறினாலும் பூரணத்தில் புளிப்பு வேண்டும் என்ற சுவைக்கணக்கு மாறவில்லை.

அமெரிக்கப் பயிர்கள்

மிளகாயும் உருளைக்கிழங்கும் தென் அமெரிக்கா உள்ளிட்ட அமெரிக்க நிலப்பகுதிகளைச் சேர்ந்தவை. மிளகாயை 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். மிளகுபோல் காரமான காய் என்பதால் தமிழில் அதற்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது. உருளைக்கிழங்குக்கு மராத்தியிலும் குஜராத்தியிலும் வழங்கும் 'பட்டாட்டா' என்ற பெயர் போர்த்துகீசியச் சொல். ஆனால் அதன் சாகுபடி பரவலானது ஆங்கிலேயர் ஆட்சியில்தான். தமிழகத்தில் 1820-களில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் அதைப் பயிரிடச் செய்தார்.

உருளைக்கிழங்கு விலை மலிவானது. வேகவைத்து மசித்தால் மசாலாவை நன்றாக ஏற்கும். புலால் உண்ணாதவர்களுக்கும் ஏற்றது. வாதுமையும் இறைச்சியும் வாங்க இயலாதவர்களின் கைக்கும் சமோசா எட்டியதில் இக்கிழங்குக்குப் பெரும் பங்கு உண்டு. பிற்காலத்தில் அது சமோசாவோடு எவ்வளவு ஒன்றிவிட்டது என்பதற்குப் பீகார் அரசியல் சான்று. சமோசாவில் ஆலு இருக்கும்வரை பீகாரில் லாலு இருப்பார் என்ற பொருளில் ஒரு முழக்கம் அங்கு புகழ்பெற்றது. என்றென்றும் இருப்பதற்கு உவமையாகச் சொல்லப்பட்ட அந்த ஆலு, அக்பரின் சமையற்காரர்கள் சன்பூசாவில் சேர்க்காத ஒன்று.

வீட்டில் செய்யும் முறை

இரண்டு கோப்பை மைதாவுக்கு நான்கு மேசைக்கரண்டி நெய் அல்லது எண்ணெய், அரைத் தேக்கரண்டி ஓமம், தேவையான உப்பு சேர்க்க வேண்டும். தண்ணீர் விடும் முன் நெய்யை மாவில் விரல்களால் நன்கு பிசற வேண்டும். கையில் பிடித்தால் பிடிகொழுக்கட்டைபோல் நிற்பதே பதம். நெய் மாவுத் துகள்களைச் சூழ்ந்துகொள்வதால் பிசைந்த மாவு ரப்பர்போல் இழுபடாது. பொரித்தபின் கரகரவென்று உதிரும். பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து, பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும்.

பூரணத்துக்கு வேகவைத்த உருளைக்கிழங்கை உதிர்த்து, பச்சைப் பட்டாணி, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லி விதை, ஆம்சூர் சேர்த்து ஈரம் போக வதக்கி ஆற வைக்க வேண்டும். சூடாக வைத்தால் நீராவி உறையை நெகிழச் செய்து பிளந்துவிடும். மாவை நீள்வட்டமாகத் தேய்த்து, இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் கூம்பாகச் சுருட்டி, பூரணம் நிரப்பி, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்ட வேண்டும். மிதமான சூட்டுக்கும் குறைவான எண்ணெயில் 10 முதல் 15 நிமிடம் பொறுமையாகப் பொரிக்க வேண்டும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேல்தோல் கொப்புளித்துச் சிவந்துவிடும், உள்மாவு வேகாது.

தமிழ்நாட்டின் வெங்காயச் சமோசா

தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் மெல்லிய உறை கொண்ட தட்டையான வெங்காயச் சமோசா பெரிதும் விற்கிறது. நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் நோன்புக் கஞ்சியுடன் சமோசாவும் இடம்பெறும். இதன் உறை வேறு விதமாகச் செய்யப்படுகிறது. மெல்லிய சப்பாத்திகளுக்கு இடையே எண்ணெயும் மாவும் தடவி, அடுக்கித் தேய்த்து, கல்லில் லேசாக வாட்டி, தனித்தனியே பிரித்து, பட்டைகளாக நறுக்குவர். பட்டையை முக்கோணப் பையாக மடித்து, வெங்காயம் வைத்து, மைதாப் பசையால் ஒட்டிப் பொரிப்பர். வெங்காயம் விடும் நீரை உறிஞ்ச அவல் கலப்பதும் உண்டு. இப்ன் பதூதா குறிப்பிடும் மெல்லிய ரொட்டிக்கு, கெட்டியான ஆலு சமோசாவைவிட இந்த உறையே நெருக்கமானது.

இறைச்சி, கிழங்கு, வெங்காயம் எனப் பூரணம் ஊருக்கும் வசதிக்கும் ஏற்ப மாறியதாலேயே சமோசா பல நாடுகளில் நிலைபெற்றது. உறை, ஈரமற்ற பூரணம், பொரிக்கும் பக்குவம் ஆகியவை அதன் மாறாத பகுதிகள். ஆகவே வீட்டில் முட்டைக்கோசோ கீரையோ வைத்துச் செய்யும் சமோசாவும் மரபை மீறியதல்ல. அயினி அக்பரி சொன்ன 20 விதங்களின் தொடர்ச்சியாகவே அதைக் கொள்ளலாம்.