மலை ஒன்று, பேரேடு மூன்று

மாதேஸ்வரன் மலைக்கு அம்மாயி என்னை முதலில் கூட்டிப்போனது ஓர் அமாவாசைக்கு. மேட்டூரில் பஸ் ஏறினால் கொளத்தூர், பாலாறு, அப்புறம் வளைவு வளைவாக மலை. “இதெல்லாம் நம்ம கோயமுத்தூர் ஜில்லாவா இருந்ததுடா” என்பாள். பொய்யில்லை. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோவை மாவட்டம். பிறகு மைசூர் மாவட்டம். 1997-இல் சாமராஜநகர் மாவட்டம். மலை நகரவில்லை. பேரேட்டில்தான் மூன்று பெயர்.

அங்கே கேட்டதுதான் கம்சாளே. தேவரகுட்டர் என்னும் பாடகர்கள் மாதேஸ்வரர் கதையைப் பாடிக்கொண்டே அடிக்கும் கஞ்சக்கருவி. குழிந்த தட்டு இடக்கையில் இருக்கும். கயிற்றில் கட்டிய தட்டை வலக்கை வீசும். ‘பீசு கம்சாளே’ ஆட்டத்தில் அந்தத் தட்டு உடம்பைச் சுற்றி வந்து தாளம் தப்பாமல் மோதும். விட்டு அடித்தால் ரீங்காரம் நீளும். தட்டோடு தட்டை அழுத்தினால் சட்டென்று அடங்கும்.

ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வந்தபின் இந்த இரண்டு ஒலிகளையும் சாம்ப்ளரில் ஏற்ற முயன்றேன். கோப்பு வடிவங்களின் சரித்திரம் அப்போதுதான் பிடிபட்டது.

பதிந்த ஒலியைக் கீபோர்டில் கட்டைக்குக் கட்டை வைத்து வாசிப்பது சாம்ப்ளர். 1979-இல் சிட்னியில் பிறந்த ஃபேர்லைட் காலத்திலிருந்தே கம்பெனிக்கு ஒரு வடிவம். 1994-இல் கிரியேட்டிவின் ஏடபிள்யூஈ32 ஒலி அட்டையோடு சவுண்ட்ஃபான்ட் என்ற வடிவம் வீட்டுக் கணினிக்குள் வந்தது. அட்டையின் நினைவகம் 512 கிலோபைட்; சிடி தரத்தில், ஒற்றைத் தடத்தில், 6 விநாடிகூடத் தேறாது. 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் ஒலியை வன்தட்டிலிருந்தே ஓடவிட்டு அந்த நினைவகத் தளையை அவிழ்த்தது. அதன் வாரிசான கிகாஸ்டுடியோவை டாஸ்காம் 2008-இல் நிறுத்தியது. கோப்புகள் மட்டும் ஊர் ஊராக வன்தட்டுகளில் கிடந்தன.

அவற்றைப் படிக்க ஆள் இருந்தது. பென்னோ செனோனரும் கிறிஸ்டியான் ஷோனெபெக்கும் தொடங்கிய லினக்ஸ்சாம்ப்ளர், மூலநிரல் எவரும் பார்க்கக்கூடிய மென்பொருள். முதலில் அது கற்றது கிகா வடிவத்தைத்தான். சவுண்ட்ஃபான்ட், எஸ்எஃப்இசட் ஆகிய இரு வடிவங்களும் பின்னால் சேர்ந்தன. இன்னொரு வடிவத்தைச் சேர்ப்பதென்றால் பைட்டுகளைப் பிரித்தால் போதாது. அந்த வடிவத்தின் குணத்தையும் நடத்திக்காட்ட வேண்டும். சவுண்ட்ஃபான்ட்டில் ஓர் ஒலி மற்றொன்றை அடக்க வழியுண்டு; ஒரே அடியின் பல பதிவுகளை முறைவைத்து மாற்ற வழியில்லை. வேக நடையில் என் கம்சாளே தையல் மெஷினாக ஓடியது.

ரெனே செபயோஸின் ஆர்ஜிசி ஆடியோ கொண்டுவந்த எஸ்எஃப்இசட்டோ வெறும் உரைக்கோப்பு. ஒலிகள் தனித்தனி வேவ் கோப்புகளாகப் பக்கத்தில் இருக்கும். ‘ஆஃப்_பை’ என்ற கட்டளையால் அழுத்தின அடி ரீங்காரத்தை அடக்கியது. ‘செக்_லெங்த்’ 4 என்று எழுதி, ஒவ்வொரு பதிவுக்கும் அதன் முறை எண்ணையும் கொடுத்ததும் நான்கு பதிவுகள் மாறி மாறி வந்தன. தட்டுக்குக் கை வந்துவிட்டது.

உடுக்கை, பம்பை, உறுமி என்று உங்கள் ஊர்க் கருவியைப் பதிந்து வைத்திருப்பவர்கள் வேவ் கோப்புகளோடு இப்படி ஓர் உரைக்கோப்பையும் சேர்த்து வையுங்கள். எந்த மென்பொருள் கடையைக் கட்டினாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதல் வரியில் இரண்டு சாய்கோடு போட்டு, வாசித்தவர் பெயரை எழுதுங்கள். சாம்ப்ளர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். மனிதர் தாண்ட மாட்டார்.