அணைக்கு வடக்கே ஓர் இடுகாடு

பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிய கதையைப் போன வாரம் பார்த்தோம். அந்தத் தண்ணீருக்காக உயிரை விட்டவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை.

முல்லைப் பெரியாறு அணைக்குச் சற்று வடக்கே, காட்டுக்குள் ஓர் இடுகாடு இருக்கிறது. 1887-இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைக்கும்வரை, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் சுமந்தவர்களில் நோயில் மாண்டோர் 483 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. வெள்ளத்தில் போனவர்களும் யானை மிதித்தவர்களும் அதில் சேர்த்தியில்லை. அதிகம் பேரைக் கொண்டுபோனது மலைக்காய்ச்சல். அது கொசுவால் பரவுகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்ததே 1897-இல், அணை திறந்து இரண்டு வருடம் கழித்து. காட்டின் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிக்கொண்டு, கொசு மொய்க்கும் ஓடையோரத்திலேயே கொட்டகை போட்டுப் படுத்தார்கள். நினைக்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

இன்று அந்த இடுகாடு இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில். நினைத்த நேரத்தில் போய் ஒரு சூடம் ஏற்றிவிட்டு வர முடியாது.

அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு இந்த நிலை இல்லை. 1911-இல் இறந்த அவருடைய கல்லறை இங்கிலாந்தில், கேம்பர்லியை அடுத்த ஃபிரிம்லியில், புனித பீட்டர் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. தேனிக்காரர்கள் கடல் கடந்து போய் அங்கே மாலை போடுகிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் எழுந்தது. 2022-இல் கேம்பர்லியிலும் தமிழக அரசு சிலை வைத்தது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி பொங்கலையொட்டியே வருவதால், கூடலூர், கம்பம் பக்கத்து விவசாயிகள் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. அத்தனையும் அவருக்குத் தகும்.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கருக்கு அவர் ஒருவரே பொறுப்பில்லை. அவர் போட்ட திட்டத்தைக் கல்லாக அடுக்கியவர்கள் கூலியாட்கள். அவர்களுக்கும் அந்த மணிமண்டப வளாகத்தில் ஒரு கல் நட வேண்டும். பெயர் கிடைக்கிறவர்களுக்குப் பெயர், கிடைக்காதவர்களுக்கு எண்ணிக்கை. வரும் பொங்கலுக்குள் விவசாயச் சங்கங்களே இதைக் கையில் எடுக்கலாம்.

அடுத்த வாரம்: மங்கலதேவி மலையில் இடிந்து நிற்கும் கண்ணகி கோயில்.

(தொடரும்)