கிட்னி கட்டியும் விதை-மண் கதையும்

செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போடுறவங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஒரே விதைதான், செம்மண்ணுல நல்லா காய் பிடிக்கும், இறுகுன களிமண்ணுல பிடிக்காது. 1889-ல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் புற்றுநோய் பற்றிச் சொன்னதும் இதேதான். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். ரத்தம் எல்லா உறுப்புக்கும் போகுது. கட்டி மட்டும் சில இடத்துலதான் முளைக்குது. அப்போ மண்ணுக்கும் பங்கு இருக்கு என்றார்.

இந்தக் கதையில் விசித்திரமான விதை சிறுநீரகப் புற்றுநோய். வழக்கமாக நுரையீரல், எலும்பு, கல்லீரலுக்குப் போகும். ஆனால் தைராய்டு, கணையம், மூக்கு, நாக்கு, தலைத்தோல் என்று யாரும் எதிர்பார்க்காத இடங்களிலும் முளைக்கும்.

இதன் பிறப்பிடமே நீண்ட நாள் குழப்பம். 1883-ல் ஜெர்மானியர் பால் கிராவிட்ஸ், சிறுநீரகத்துக்குள் சிக்கிய அட்ரீனல் திசுவிலிருந்துதான் இந்தக் கட்டி வருதுன்னு நினைத்தார். அதை ஒட்டி 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்ற பெயரும் நிலைத்தது. 1960-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தபோதுதான், இது சிறுநீரக நுண்குழாய்ச் செல்களிலிருந்தே வருவது தெளிவானது.

எப்படி இவ்வளவு தூரம் போகுது? இந்தக் கட்டியில் ரத்தக் குழாய்கள் அதிகம். சிறுநீரகச் சிரைக்குள்ளேயே வளர்ந்து, இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரை வரை நீளவும் செய்யும். இன்னொரு வழியை 1940-ல் அமெரிக்கர் ஆஸ்கர் பாட்சன் காட்டினார்: முதுகெலும்பை ஒட்டிய சிரைகளில் வால்வு கிடையாது. அதனால் செல்கள் நுரையீரலைத் தொடாமலே தலைவரை போகலாம்.

இதைவிட முக்கியம் காலம். சிறுநீரகத்தை எடுத்து 10, 20 வருஷம் கழித்துக்கூட இது தலைகாட்டும். மூக்கில் ரத்தம், கழுத்தில் வீக்கம் என்று போகிறவருக்குப் பழைய ஆபரேஷன் ஞாபகத்துக்கே வராது. அதைச் சொல்லாவிட்டால், தைராய்டில் வந்த கட்டியைத் தைராய்டின் சொந்தப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டுக்கும் சிகிச்சை வேற. கணையத்தில் மட்டும் பரவியிருந்தால், பலர் அதன்பிறகும் பல வருஷம் வாழ்கிறார்கள்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியா ஜிப்மருக்குப் பஸ் ஏறுறவங்க, 1823-ல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசுக்குத்தான் போறாங்க. உங்க வீட்டில் யாருக்காவது கிட்னி எடுத்திருந்தா, அந்தப் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பத்திரமா வையுங்க. மூக்குக்கோ கழுத்துக்கோ எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் அதையும் கையோட கொண்டுபோங்க.