யானை இலத்தி மரபணு ஆய்வு

பயிரை மேயும் யானை எது என்பதை அதன் இலத்தியில் உள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு கண்டறியும் முறை. மனித–யானை மோதலைத் தணிக்க உதவுகிறது. புது இலத்தியின் மேல் பளபளக்கும் சளிப்படலத்தில் யானையின் குடற்சுவரிலிருந்து உரிந்த செல்கள் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே போதும். மயக்க ஊசி வேண்டியதில்லை. வெயிலிலும் மழையிலும் மாதிரி கெட்டுவிடும் என்பதால், யானை வந்துபோன மறுநாள் காலையிலேயே வயலுக்குப் போய்விட வேண்டும். தனி யானையின் அடையாளம், ஆணா பெண்ணா, யாருக்கு யார் உறவு எல்லாம் இதில் தெரியும்.

கென்யாவின் அம்போசெலியில் இம்முறையில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, வயலில் புகுபவை ஆண் யானைகளே என்றும், பழகிப்போன சிலவே அடிக்கடி வருகின்றன என்றும் காட்டியது. எனவே கண்ணில் பட்ட யானையைப் பிடித்து இடம் மாற்றுவது அந்த யானைக்கு அநீதி, விவசாயிக்கும் பயனில்லை.

இடமாற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலையிலும் வாழும் யானைகள் மரபணுவில் வேறுபட்டவை. ஒரு பக்கத்து யானையை மறுபக்கம் கொண்டுவிடுமுன் இதையும் பார்த்தாக வேண்டும். இலத்தி டி.என்.ஏ. கணக்கெடுப்புக்கும் பயன்படுகிறது. இந்தியாவின் முதல் டி.என்.ஏ. அடிப்படையிலான யானைக் கணக்கெடுப்பு 2025-இல் வெளியானது, மதிப்பீடு 22,446 யானைகள்.