லயல், சார்ல்ஸ் ஜேம்ஸ்

பிரிட்டிஷ் இந்தியாவின் ஆட்சிப் பணி அதிகாரி, அரபு அறிஞர் (1845 மார்ச் 9 – 1920 செப்டம்பர் 1). இஸ்லாத்துக்கு முந்தைய பாலைவனக் கவிஞர்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்றே பெரும்பாலான நூல்கள் இவரை அறிமுகம் செய்கின்றன. இதில் பிழையில்லை, ஆனால் இவருடைய பணியின் எடை இதில் தெரிவதில்லை. லயலின் மொழிபெயர்ப்புகளை இன்று கவிதைக்காகப் படிப்பவர் குறைவு; அவர் பதிப்பித்த அரபு மூலங்களையோ அத்துறையில் எவரும் தள்ளிவிட முடிவதில்லை. அவரை முதலில் பதிப்பாசிரியராகவும் அடுத்தே மொழிபெயர்ப்பாளராகவும் கொள்வதே அவர் விட்டுச்சென்ற நூல்களுக்குப் பொருந்தும். பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கே நீக்கிவிட வேண்டும். பஞ்சாபின் லயல்பூர் (இன்றைய பைசலாபாத்) இவர் பெயரால் அமைந்ததன்று. அது பஞ்சாபின் துணை ஆளுநராக இருந்த ஜேம்ஸ் பிராட்வுட் லயலின் பெயர். ஆட்சியாளரும் எழுத்தாளருமான ஆல்பிரட் லயலும் வேறொருவர்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிலும் பயின்ற இவர், 1867இல் இந்தியா வந்தார். வடமேற்கு மாகாணங்களில் பணி தொடங்கி, கல்கத்தாவில் இந்திய அரசின் செயலகத்துக்கும் பின்னர் அசாமுக்கும் சென்றார். 1895 முதல் 1898 வரை மத்திய மாகாணங்களின் தலைமை ஆணையர். 1897இல் சர் பட்டம். 1898இல் நாடு திரும்பி, லண்டனில் இந்திய அலுவலகத்தின் நீதி, பொதுத் துறைச் செயலராக 1910 வரை இருந்தார். அசாம் ஆண்டுகளின் தடம் இரண்டு நூல்களில் உள்ளது: காசி (Khasi) பழங்குடி மக்களைப் பற்றிய கர்டனின் நூலுக்கு (1907) எழுதிய முன்னுரை, மறைந்த சக அதிகாரி எட்வர்ட் ஸ்டாக்கின் குறிப்புகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, விடுபட்டவற்றைச் சேர்த்து வெளியிட்ட மிக்கிர் (கார்பி) மக்கள் பற்றிய நூல் (1908). பிறர் பாதியில் விட்ட வேலையை எடுத்து முடிக்கும் இயல்பு இவருடைய அரபுப் பணியிலும் காணப்படும்.

அவருடைய ஆட்சிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது 1896–97 பஞ்சத்தை ஒதுக்கிவிட முடியாது. மத்திய மாகாணங்களில் நிவாரணம் தாமதமாகவும் போதாமலும் வந்தது என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. 1891 கணக்கெடுப்பைவிட 1901இல் அம்மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. அவர் பதவி விலகிய பின் வந்த 1899–1900 பஞ்சமும் இக்குறைவில் சேர்ந்திருப்பதால், இதில் எவ்வளவு அவர் கணக்கில் சேரும் என்று பிரித்துச் சொல்வது கடினம். புலமையைக் காட்டி இந்தப் பொறுப்பைக் கழித்துவிட முடியாது. இந்தப் பொறுப்பைக் காட்டிப் புலமையை மறுக்கவும் முடியாது.

அரபுக் கவிதையில் அவருடைய முதல் முயற்சிகள் 1877, 1878 ஆண்டுகளில் கல்கத்தா ஆசியக் கழகத்தின் இதழில் வந்தன. கவிஞர் சுஹைரின் முஅல்லகா என்னும் நெடும்பாடல் அவற்றுள் ஒன்று. இவற்றோடு பிறவும் சேர்ந்து 1885இல் பண்டை அரபுக் கவிதை மொழிபெயர்ப்புகளின் தொகுப்பாக லண்டனில் வெளிவந்தது. அரபு யாப்பைக் கூடியவரை ஆங்கிலத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. தவீல், பஸீத், காமில் முதலிய நீண்ட அடிகளின் நடையை ஆங்கிலச் சொல்லழுத்தத்தால் ஒத்து அமைத்தார். எத்தனை அடி நீண்டாலும் ஒரே இயைபில் முடிய வேண்டும் என்ற அரபு மரபை மட்டும் கைவிட்டார். அரபு யாப்பு அசைகளின் குறில் நெடில் அளவில் நிற்பது, ஆங்கில யாப்பு அழுத்தத்தில் நிற்பது. ஆகவே ஒத்திசைவு வெறும் தோற்றமே என்று மறுப்போர் உண்டு. அவர் கையாண்ட வழக்கொழிந்த சொற்களும் அவர் காலத்திலேயே பழமை வாடை வீசின. இரண்டு மறுப்பிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் இம்மொழிபெயர்ப்புகள் எதற்காகச் செய்யப்பட்டவை என்பதைப் பார்க்க வேண்டும். அடிக்கு அடி நின்று, மூலத்தில் பெயரெச்சம் எங்கே, உவமை எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் மொழிபெயர்ப்பு, மூலத்தை விரித்துப் படிப்பவருக்கு உரையாகப் பயன்படும். பின்னாளில் மைக்கேல் செல்ஸ் 1989இல் வெளியிட்ட கஸீதா என்னும் அரபு நெடும்பாக்கள் ஆறின் மொழிபெயர்ப்பு, கட்டற்ற வரிகளில் கவிதையாக ஓடுகிறது. அதை லயலின் வரிகளோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை என்பது விளங்கும்.

பதிப்புப் பணி 1894இல் கல்கத்தாவில் முழு வடிவம் பெற்றது. பத்துப் பழம் பாடல்களுக்கு உரைகாரர் திப்ரீஸி எழுதிய உரையை மூலத்தோடு அவர் வெளியிட்டார். அவற்றுள் பத்தாவது பாடல் அஸத் குலத்தைச் சேர்ந்த அபீத் இப்னுல் அப்ரஸ் பாடியது. இக்கவிஞரின் திவானையும் (பாடல் தொகுதி) ஆமிர் இப்னு துபைலின் திவானையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவடியிலிருந்து முதன்முறையாகப் பதிப்பித்து 1913இல் வெளியிட்டார். ஹீரா மன்னன் முன்திர், தன் தீய நாளில் முதலில் எதிர்ப்படுபவரைக் கொல்லும் வழக்கமுடையவன் என்றும், பரிசில் தேடிவந்த முதியவர் அபீத் அந்நாளில் அகப்பட்டார் என்றும் ஒரு கதை உண்டு. இதை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆனால் அபீத் பாடிய மழையும் மின்னலும் பாழடைந்த கூடாரத் தடங்களும் கதையின் துணையின்றியே நிற்பவை. 1912இல் பண்டை அரபுக் கவிதையின் ஓவியத் தன்மை பற்றி லயல் தனிக் கட்டுரை எழுதியதற்கு இத்தகைய பாடல்களோடு அவருக்கிருந்த நெடிய பழக்கமே அடிப்படை.

அவருடைய பெரும்பணி முபத்தலிய்யாத். எட்டாம் நூற்றாண்டில் கூபா நகரத்து அறிஞர் முபத்தல் திரட்டிய தொகை நூல் இது. வழக்கிலுள்ள வடிவில் 126 பாடல்கள். கலீபா மன்சூர் தம் மகன் மஹ்தியின் கல்விக்காகத் தொகுக்கச் சொன்னார் என்பது ஒரு செய்தி. கலகம் செய்து 763இல் கொல்லப்பட்ட இப்ராஹீம் இப்னு அப்துல்லா, முபத்தலின் வீட்டில் ஒளிந்திருந்த நாட்களில் நூல்களைப் படித்துக் குறியிட்ட பாடல்களே தொகுப்பின் தொடக்கம் என்பது மற்றொன்று. இரண்டில் எது உண்மை என்று முடிவு கட்டச் சான்று போதாது. இரண்டும் ஒருசேர உண்மையாகவும் இருக்கலாம். இந்நூலின் பதிப்பை ஜெர்மன் அறிஞர் தோர்பெக்கே தொடங்கி, முதல் பகுதியை 1885இல் வெளியிட்டு, முடிக்காமலே 1890இல் இறந்தார். லயல் அதை எடுத்துக்கொண்டு, பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மறைந்த அன்பாரியின் விரிவான உரையோடு முழு மூலத்தையும் அமைத்தார். மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் கொண்ட தொகுதி ஆக்ஸ்போர்டில் 1918இல் வந்தது. பெய்ரூட்டில் யேசு சபையார் அச்சகத்தில் அச்சான அரபு மூலத்தின் ஆண்டை அரபு நூல்கள் 1920 என்றும் மேலை நூல்கள் 1921 என்றும் குறிக்கின்றன. அறிஞர் பெவன் தொகுத்த சொல்லடைவு 1924இல் வெளியாயிற்று. தொகையின் முப்பதாம் பாடல், குலங்களுக்கிடையே நடந்த குலாப் போரில் தமீம் குலத்தாரிடம் சிறைப்பட்ட அப்து யகூஸ் சாவதற்கு முன் பாடியது. வசை பாடிவிடுவார் என்று அஞ்சிப் பகைவர் அவருடைய நாவை வாரால் கட்டியிருந்தனர் என்றும், தம்மைப் பற்றித் தாமே புலம்பிக்கொள்ள அதை அவிழ்க்கச் சொன்னார் என்றும் உரை கூறுகிறது. கடைசிப் பாடல், பிள்ளைகளைப் பறிகொடுத்த அபூ துஅய்ப் பாடிய இரங்கற்பா. இவ்விரண்டுக்காகவே இத்தொகையைத் திறக்கலாம்.

இப்பாடல்கள் மெய்யானவையா என்பது நெடுநாள் வழக்கு. பெரும்பாலும் ஆறாம் நூற்றாண்டில் பாடப்பட்டவை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஏடேறின. இடையில் ராவிகள் என்னும் பாட்டுக் காப்பாளர்களின் நினைவே துணை. அவர்களுள் ஹம்மாதும் கலபும் தாமே பாடிப் பழையவர் தலையில் ஏற்றியதாக அரபு மரபே குற்றம் சாட்டுகிறது. லயல் இதை மறுக்கவில்லை. சில பாடல்கள் ஐயத்துக்குரியவை என ஒப்பினார். ஆனால் தொகுதி முழுவதும் போலி என்பதை ஏற்கவில்லை. ஒவ்வொரு கவிஞருக்கும் தனிக்குரல் இருக்கிறது. உரைகாரர்களே பொருள் தெரியாது திணறும் சொற்கள் இருக்கின்றன. உமையா கலீபாக்கள் காலக் கவிஞர்கள் இப்பழம்பாட்டு மரபை அறிந்தே பாடுகின்றனர் என்பவை அவர் வாதத்தின் தூண்கள். 1925இல் ஆங்கில அறிஞர் மார்கோலியூத்தும் 1926இல் எகிப்தின் தாஹா ஹுசைனும் இக்கவிதைகளில் பெரும்பகுதி பிற்காலப் படைப்பு என்று வாதிட்டபோது மறுமொழி சொல்ல லயல் உயிரோடில்லை. 1970களில் ஆய்வாளர்கள் மன்ரோவும் ஸ்வெட்லரும் வாய்மொழிக் கவிதை ஆய்வு முறையைக் கொண்டு இவற்றை அணுகினர். அதன்படி ஒரு பாட்டுக்கு ஒரே மூலப்பாடம் இருந்தது என்று கொள்வதே ஐயத்துக்குரியதாகிறது. இது லயலின் பதிப்பு முறையையும் தொடும் கேள்வி. ஆனால் பாடபேதங்களை மறைக்காமல் குறிப்பில் பதிந்து வைத்தவரின் பதிப்பு, அந்தக் கேள்வியை ஆராயவும் உதவுகிறது.

கீழைமொழிப் புலமை ஆதிக்கத்தின் கருவி என்ற பொது விமர்சனம் லயலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் பேசப்பட வேண்டியது. இந்துஸ்தானி மொழி பற்றிய அவருடைய 1880ஆம் ஆண்டு நூலும் மிக்கிர் நூலும் ஆட்சிக்குப் பயன்படக்கூடியவை. அங்கே விமர்சனம் நேராகவே பொருந்துகிறது. ஆனால் அபீதின் மழைப் பாட்டால் அசாமில் வரி வசூலிக்க முடியாது. அதேசமயம் கல்கத்தா அச்சகமும், அறிஞர் கழகமும், பதவி தந்த வசதியும் இல்லாமல் இந்த அரபுப் பணியும் நடந்திராது. ஆட்சி அமைப்பு இவரை அறிஞராக்க உதவியது. பாட்டுகளின் பொருளை அது தீர்மானித்தது என்பதற்கு இப்பதிப்புகளில் சான்று காணப்படவில்லை.

1919இல் அம்ரு இப்னு கமீஆவின் பாடல்களையும் கேம்பிரிட்ஜில் பதிப்பித்தார். அடுத்த ஆண்டு இறந்தார். 1942இல் கெய்ரோவில் அஹ்மத் ஷாகிரும் அப்துஸ்ஸலாம் ஹாரூனும் முபத்தலிய்யாத்தைச் சுருக்கமான புதிய உரையோடு வெளியிட்டனர். அரபு மாணவர் கையில் பரவலாக இருப்பது அதுவே. அன்பாரியின் உரையோடு முழு மூலமும் வேண்டுவோர் லயலின் பதிப்பையே எடுக்கின்றனர்.