வலிப்பும் வாதமும்

கோல சிலாங்கூர், ஜெரம், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், வலிப்பு, வாதம் என்னும் இரு நோய்ப் பெயர்களையும் தம்மோடு கொண்டு வந்தனர். மருத்துவ உலகம் நெடுங்காலம் முயன்று தெளிந்த வேறுபாடொன்று இச்சொற்களில் அடங்கியுள்ளது.

வலித்தல் என்பது இழுத்தல். உறுப்பு தன் வயமின்றி இயங்குதலை அது குறிக்கும். பக்கவாதமோ ஒரு பக்கம் இயக்கம் இழத்தல். முன்னதை முயலகன் என்றும் வழங்கினர் என்பர். கொல்லிமழவன் மகளின் முயலகனைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் தீர்த்ததைப் பெரியபுராணம் கூறும். மலாய் மக்கள் வலிப்பைச் 'சவான்' என்பர். பக்கவாதத்தை 'ஆங்கின் அஹ்மார்', அதாவது செங்காற்று என்பர். வாதம் என்பதும் காற்றே அன்றோ!

வலிப்பு மூளையில் எழும் மிகைக் கிளர்ச்சி என்று 1873இல் ஹியூலிங்ஸ் ஜாக்சன் விளக்கினார். கழுத்து நாடியின் அடைப்பால் பேச்சும் கைகால் வலுவும் சிறிது நேரம் அற்று மீளும் என்பதையும், அது பெரும் பக்கவாதத்திற்கு முன்னறிவிப்பு என்பதையும் 1951இல் மில்லர் ஃபிஷர் காட்டினார். இதனைச் சிறுவாதம் எனலாம்.

வலிப்பில் துடிப்பு ஓர் உறுப்பில் தோன்றிப் பரவலாம், நினைவு தப்பலாம், பின்னர் மயக்கமும் குழப்பமும் நீடிக்கும். சிறுவாதத்தில் வாய் கோணுதலும் நாக்குழறலும் கை சோர்தலும் திடீரென வரும். நினைவு பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். ஆயினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வலிப்பு ஓய்ந்தபின் கைகால் சிலகாலம் செயலற்றுக் கிடத்தலை 1849இல் ராபர்ட் டாட் எடுத்துரைத்தார். பிந்தி வருபவர் கண்ணுக்கு அது வாதமாகவே தோன்றும்.

ஆகவே, தொடக்கத்தைக் கண்டவர் சொல்லே சான்று. மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வாராத காலத்தில் தோட்டத்து டிரசருக்கு அச்சான்றே துணை. இன்றும் சிறுவாதம் படத்தில் தென்படாது போகலாம், மருத்துவர் முதலில் கேட்பது, "என்ன நடந்தது? எவ்வளவு நேரம்?" என்பதே.

எனவே, வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை விட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போமாக. அவரை ஒருக்களித்துக் கிடத்துக. ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு விரைக. சிறுவாதமோ தானே மறைந்தாலும் அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். பெரும் பக்கவாதம் தொடரும் அபாயம் முதல் இரண்டு நாளிலேயே மிகுதி. மறைந்தது அறிகுறியேயன்றி ஆபத்தன்று.